ஒரே வீட்டில் இரண்டு குழம்பு



இவ்வாரம் நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்குச் சற்று வியப்பாயிருக்கலாம். பிரசங்க பீடத்தில் நிற்கிறவருக்கு அடுப்படியில் என்ன வேலை என்று கேட்கவும் தோன்றலாம். ஆனால் வீடுவீடாய்ச் சென்று ஜெபிக்கிற எந்தப் போதகரும் அடுப்படியைக் கடந்துதான் நோயாளியின் கட்டிலண்டை போகவேண்டியிருக்கிறது. அங்கே நான் கண்ட ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு வீட்டிற்கு மதிய வேளையில் சென்றிருந்தேன். அவ்வீட்டுத் தகப்பனார் பக்கவாதத்தால் விழுந்து, ஆண்டவருடைய கிருபையால் மீண்டும் கோலூன்றி நடமாடத் தொடங்கியிருந்தார். அடுப்பின்மேல் இரண்டு சட்டிகள் இருந்தன. பெரியது குடும்பத்தாருக்கு. சிறியது, உப்பைக் குறைத்துச் செய்தது, அவருக்கு மட்டும். மற்றவர்கள் உண்பதற்கு முன்பே அவருக்குத் தனியாகப் பரிமாறிவிடுவார்களாம். "எனக்கு மட்டும் தனிப் பந்தி, ஐயா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சற்று நேரத்தில் பிள்ளைகள் உண்ண உட்கார்ந்தார்கள். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டபோது அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவருடைய துணைவியார் என்னைத் தனியே அழைத்து, "இராத்திரி எல்லாரும் படுத்தபிறகு எழுந்துவந்து பெரிய சட்டியிலிருந்து ஊற்றிச் சாப்பிட்டுவிடுகிறார், ஐயா. நீங்களாவது அவருக்குப் புத்தி சொல்லுங்கள்" என்றார். நானும் சொன்னேன். நாவடக்கத்தைப் பற்றிப் பேசிவிட்டு ஜெபித்துத் திரும்பினேன். வழியெல்லாம் என் மனம் என்னைக் குத்திற்று. நான் புத்தி சொல்லியிருக்கவேண்டியது அவருக்கு மட்டுமா? அந்த வீட்டில் இருந்திருக்கவேண்டியது ஒரே குழம்பு அல்லவா? அதுவும் அந்தச் சிறிய சட்டியில் இருந்த குழம்பு அல்லவா?

இதுவே இவ்வாரம் நான் உங்கள்முன் வைக்கிற கருத்து. உப்பைக் குறைப்பது நோயாளிக்கு மட்டும் விதிக்கப்படும் தண்டனையாக இருக்கலாகாது. அது வீட்டார் அனைவரும் சேர்ந்து எடுக்கவேண்டிய தீர்மானம்.

உப்பைப் பழித்துப் பேச நான் வரவில்லை. திருமறை அதை மிக உயர்வாகவே பேசுகிறது. லேவியராகமத்தில் போஜனபலி உப்பின்றிப் படைக்கப்படுவதில்லை. எரிகோவின் கெட்ட நீரூற்றைக் குணமாக்க எலிசா கையில் எடுத்தது உப்பையே. நம்முடைய ஆண்டவரும் மலைப்பிரசங்கத்தில் தம் சீஷர்களுக்கு உப்பையே உவமையாக்கினார். ஆனால் அதே திருமறையில் உப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. சீகேம் பட்டணத்தை இடித்துப்போட்ட அபிமெலேக்கு, அதன்மேல் உப்பை விதைத்தான் என்று நியாயாதிபதிகளின் புத்தகம் கூறுகிறது. எரேமியா தீர்க்கதரிசி குடியிருப்பற்ற வறண்ட இடத்தை உவர்நிலம் என்றே சுட்டுகிறார். அளவோடு இட்டால் சுவை தந்து காக்கும் அந்த உப்பே, அளவு மிஞ்சினால் நிலத்தைப் பாழாக்கும். தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாத்திகளில் புல்லும் முளைப்பதில்லை.

நம் உடலுக்கும் அளவு ஒன்று உண்டு. வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணவேண்டும் என்பது உலகச் சுகாதார அமைப்பின் அறிவுரை. அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவுதான். குழம்பு, பொரியல், ஊறுகாய், மிக்சர், பிஸ்கட் ஆகிய அனைத்திலும் இருப்பதைக் கூட்டி வருகிற அளவு அது. நம் நாட்டில் தேசிய அளவில் நடந்த ஆய்வொன்று, வயது வந்தோர் நாளொன்றுக்குச் சராசரியாக 8 கிராம் உண்பதாகக் கண்டது.

மிகுதியாக உண்ட உப்பு என்ன செய்கிறது? உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். அது இரத்தத்தில் மிகும்போது உடல் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இரத்தத்தின் கன அளவு பெருகுகிறது; குழாய்களின் சுவர்மேல் அழுத்தம் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கிக் குழாய்கள் தடித்து விறைக்கின்றன. இருதயம் களைக்கிறது, சிறுநீரகம் பழுதுபடுகிறது. ஒருநாள் மூளையில் ஒரு குழாய் அடைபடுகிறது அல்லது வெடிக்கிறது. அன்றைக்குத்தான் நமக்குத் தெரியவருகிறது. இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் தலைவலியோ மயக்கமோ தந்து எச்சரிப்பதில்லை. உலகெங்கும் இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அது தங்களுக்கு இருப்பதையே அறியாதிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டின் அளவை அறிய ஓர் எளிய வழி உண்டு. நான்கு பேர் உள்ள வீட்டில் தலைக்கு 5 கிராம் என்றால் நாளுக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரவேண்டும். அதே பாக்கெட் 30 நாளில் தீர்ந்துபோனால் தலைக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது என்று பொருள். மீன் கழுவவும் பாத்திரம் துலக்கவும் எடுத்ததைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஊறுகாயிலும் கடைப் பண்டங்களிலும் வருவது இந்தக் கணக்கில் சேரவில்லை என்பதையும் மறவாதிருங்கள்.

மேலை நாடுகளில் உப்பின் பெரும்பகுதி ரொட்டியிலும் ஆலைகளில் செய்த உணவிலும் மறைந்து வருகிறது. அங்கே அதைக் குறைக்க அரசும் ஆலைகளும் மனம்வைக்க வேண்டும். நம் நாட்டிலோ உப்பின் பெரும்பங்கு வீட்டுச் சமையலில்தான் சேர்கிறது. எனவே அதைக் குறைக்கும் அதிகாரம் நம் கையிலேயே இருக்கிறது. காலையில் இட்லி மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில் உப்பு. மதியம் குழம்பிலும் கூட்டிலும் இரசத்திலும் மோரிலும் உப்பு. சில வீடுகளில் சோறு வடிக்கையிலும் ஒரு பிடி உப்பு. இவை போதாவென்று இலையோரத்தில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு. ஒவ்வொன்றிலும் "கொஞ்சம்தானே" என்கிறோம். அந்தக் கொஞ்சங்கள் எல்லாம் ஒரே வயிற்றில்தான் போய்ச் சேருகின்றன.

கடையில் வாங்குகிற பாக்கெட்டுகளின் பின்புறத்தையும் வாசியுங்கள். அங்கே உப்பு என்றிராமல் சோடியம் என்றே பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. மாலையில் பிள்ளைகள் கையில் கொடுக்கிற சிறு பொட்டலத்தை ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.

இனி, நீங்கள் என்னிடம் எழுப்பக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பெரியவர்கள் சொல்லவில்லையா, ஐயா?" சொன்னார்கள், உண்மைதான். உப்பே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. பழகிய அளவுக்குத்தான் நாக்கு அடிமைப்படுகிறது. பழக்கம் மாறினால் நாக்கும் மாறுகிறது. சிறிது சிறிதாகக் குறைத்து வந்தால் சில வாரங்களில் அந்தக் குறைந்த அளவே போதுமென்று தோன்றத் தொடங்கும். அதன்பின் பழைய அளவு கரிக்கும். பாபிலோனின் அரண்மனையில் தானியேலும் அவன் தோழரும் ராஜாவின் பந்தியை விலக்கி, பத்துநாள் எளிய உணவில் தங்களைச் சோதித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் கேட்டது பத்துநாள். நாவின் பழக்கம் மாற அதைவிடச் சற்றுக் கூடுதலாகப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, கொத்துமல்லி என நம் அடுப்படியில் சுவை கூட்ட எத்தனையோ உண்டு. கொதிக்கும்போதெல்லாம் உப்பைச் சேர்க்காமல், இறக்குவதற்குச் சற்று முன் ஒரேமுறை அளந்து சேருங்கள். கையால் அள்ளுவதை விட்டுக் கரண்டியால் அளவிடுங்கள். சாப்பாட்டு மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள்.

"நான் இந்துப்புக்கு மாறிவிட்டேன்" என்று சிலர் ஆறுதலடைகிறார்கள். இந்துப்பானாலும் கல்லுப்பானாலும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். நிறம் மாறியதால் இரத்தக்குழாய் ஏமாறாது. மேலும், அயோடின் சேர்க்காத உப்பு நம் பிள்ளைகளுக்கு வேண்டிய ஒரு சத்தை இழக்கச் செய்யும். அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள். அதைக் குறைத்து இடுங்கள்.

"வெயிலில் உழைக்கிறவன் நான், வேர்வையில் உப்புப் போகிறதே" என்பார் உண்டு. நாள்முழுதும் வெயிலில் பாடுபடுகிறவர்கள் தண்ணீரைக் குறைக்கலாகாது. ஆயினும் நம் வழக்கமான சாப்பாட்டிலேயே தேவைக்கு மேற்பட்ட உப்பு இருப்பதால், ஊறுகாயை மருந்தாக எண்ண வேண்டியதில்லை. கர்ப்பவதிகள், சிறுநீரக நோயாளிகள், இருதய நோய்க்கு மருந்து உண்போர், தாழ்ந்த இரத்த அழுத்தம் உள்ளோர் ஆகியோர் தங்கள் மருத்துவரைக் கேட்டே எந்த மாற்றத்தையும் செய்யவேண்டும்.

"மாத்திரை சாப்பிடுகிறேன், ஜெபமும் பண்ணுகிறேன், போதாதா?" மாத்திரையை ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதிருங்கள். 2021-ஆம் ஆண்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக அந்த மாத்திரை பலருடைய வாசலுக்கே வந்துசேருகிறது. அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் ஒரு கையால் மாத்திரையை விழுங்கி, மறுகையால் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, சுகத்துக்காக ஜெபிக்கிறவரைக் குறித்து என்ன சொல்வது? நானும் அப்படி இருந்தவன்தான். எனக்கும் இரத்தக் கொதிப்பு உண்டு. போதகர் வருகிறார் என்றால் நம் வீடுகளில் அப்பளம் பொரிப்பது வழக்கம். அன்பினால் வைத்ததை மறுக்கலாமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லி, எத்தனையோ வீடுகளில் இரண்டு மூன்றாக உண்டிருக்கிறேன். இனி நான் வரும்போது பொரிக்கவேண்டாம் என்று இதன்மூலம் தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி மறுப்பே மிகக் கடினமானது. "எனக்குக் கொதிப்பு இல்லையே, நான் ஏன் குறைக்கவேண்டும்?"

இதற்கு முதல் விடை: இன்றைக்கு இல்லை என்பதனால் நாளைக்கும் வராது என்பதற்கில்லை. நாற்பதிலும் ஐம்பதிலும் வருகிற நோய்க்கு நாக்கு சிறுவயதிலேயே பழக்கப்படுகிறது. ஒரு வயது நிறையாத குழந்தையின் உணவில் உப்புச் சேர்க்கவே வேண்டியதில்லை என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து எந்தச் சுவையைத் தன் வீட்டுச் சுவை என்று தேடுமோ, அதை இன்று நீங்கள் தீர்மானிக்கிறீர்கள்.

இரண்டாம் விடை: எல்லாரும் சேர்ந்து குறைக்கும்போதுதான் குறைப்பு நிலைக்கிறது. பின்லாந்து தேசத்தின் வடக்குக் கரேலியா மாநிலத்தில் இளவயதிலேயே ஆண்கள் இருதய நோயால் மடிந்துகொண்டிருந்தார்கள். 1972-இல் அங்கே ஒரு பெரும் முயற்சி தொடங்கிற்று. மருத்துவர்கள் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், ஊர்மக்களின் சமையலையே மாற்ற முனைந்தார்கள். அதற்குத் தோள்கொடுத்தது கிராமத்துக் குடும்பத் தலைவியரின் பழம்பெரும் சங்கம். அதன் பெயர் மார்த்தா சங்கம். பெத்தானியா வீட்டில் ஆண்டவருக்குப் பணிவிடை செய்த மார்த்தாளின் பெயரால் வழங்குவது. அப்பெண்கள் ஊர்ஊராய் விருந்து கூட்டி, கொழுப்பும் உப்பும் குறைந்த சமையலைச் செய்துகாட்டி, எல்லாரையும் ஒன்றாய் உண்ணச் செய்தார்கள். பின்னர் அம்முயற்சி நாடெங்கும் பரவிற்று. சில பத்தாண்டுகளில் அத்தேசத்தார் உண்ணும் உப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கொழுப்பும் புகைப்பழக்கமும் சேர்ந்து குறைந்ததால், அம்மாநிலத்தில் உழைக்கும் வயது ஆண்களின் இருதய நோய் மரணங்கள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்துபோயின.

சீன தேசத்தின் கிராமப்புறங்களிலும் இதற்கு ஒத்த சான்று உண்டு. 600 கிராமங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பைப் பாதிக் கிராமங்களில் பக்கவாத நோயாளிகளுக்கும் கொதிப்பு உள்ள முதியோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்களுக்கென ஒரு சிறு டப்பாவில் கொடுக்காமல், வீட்டுச் சமையல் முழுவதற்கும் போதுமான அளவு கொடுத்தார்கள். குழம்புச் சட்டியே மாறிற்று. ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் அக்கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. இத்தகைய உப்பு சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தானது. மருத்துவரைக் கேளாமல் வாங்கவேண்டாம். ஆனால் அந்த ஆய்வு நடத்திய விதத்தைக் கவனியுங்கள். ஒருவருடைய நாவைக் காவல்காப்பதை விட, ஒரு வீட்டின் சட்டியை மாற்றுவது எளிது.

மூன்றாம் விடை ஆவிக்குரியது. எனக்கு அதுவே முதன்மையானது. கொரிந்து சபையார் ஒன்றாய்க் கூடிவந்தும் அவரவர் தம் உணவைத் தனித்தனியே முந்தி உண்டதைப் பவுல் அப்போஸ்தலன் கடுமையாய்க் கண்டித்தார். அதே நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்தில், தான் உண்கிற மாம்சம் தன் சகோதரனுக்கு இடறலாகுமானால் அதை என்றைக்கும் உண்பதில்லை என்று உறுதிகூறுகிறார். மாம்சம் உண்ண அவருக்கு உரிமை இருந்தது. அவருடைய மனச்சாட்சியில் அதற்குத் தடையில்லை. எனினும் பலவீனமுள்ள ஒரு சகோதரனுக்காக அந்த உரிமையை விட்டுவிட அவர் ஆயத்தமாயிருந்தார். நமக்கோ, பெற்ற தகப்பனுக்காக, கட்டிய மனைவிக்காக, அரைக் கரண்டி உப்பை விட்டுக்கொடுப்பது பாரமாயிருக்கிறது. அவர் கண்முன்னே அப்பளத்தை நொறுக்கிவிட்டு, அவருக்கு நாவடக்கம் இல்லை என்று போதகரிடம் முறையிடுகிறோம்.

இங்கே சபையின் ஆண்மக்களுக்கு ஒரு சொல். நம் வீடுகளில் உப்பின் அளவை நிர்ணயிப்பது சமைப்பவரின் கை என்று நாம் எண்ணுகிறோம். அது தவறு. உண்பவரின் வாயே அதை நிர்ணயிக்கிறது. "உப்புப் பற்றவில்லை" என்று முதல் கவளத்திலேயே முகஞ்சுளிக்கிற ஒருவருக்குப் பயந்து, எத்தனையோ தாய்மார் ஒரு சிட்டிகை கூட்டியே போடுகிறார்கள். குறைந்தால் ஏச்சு விழும்; கூடினால் தண்ணீர் குடித்துச் சமாளித்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் அனுபவத்தில் கற்ற பாடம். ஆகவே உப்பைக் குறைக்கும்படி நம் சகோதரிகளுக்குப் போதிப்பதற்கு முன், குறை சொல்லாதிருக்கும்படி நமக்கே போதித்துக்கொள்வோம். நம் வார்த்தைகள் உப்பால் சாரமேறினவையாய் இருக்கவேண்டும் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதினார். குழம்பில் குறைக்கிற உப்பை நாம் பேசுகிற கனிவான சொல்லில் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் சபைக்கும் ஒரு பங்கு உண்டு. இவ்வாண்டு அசன விருந்தில் சாம்பாரிலும் கறிக்குழம்பிலும் உப்பை அளந்து குறைக்கவும், ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் பரிமாறவும் கமிட்டியில் நான் கேட்டேன். "ஊர் சிரிக்கும், ஐயா, அசனத்தில் ருசி இல்லை என்று வருஷம் முழுதும் பேசுவார்கள்" என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. வந்தவர்கள் வாய்நிறைய உண்டு போகவேண்டும் என்கிற அன்புதான் அப்படிப் பேசுகிறது. ஆனால் அந்தப் பந்தியில் எத்தனை பேர் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள்? அவர்கள் அச்சமின்றி உண்ணக்கூடிய ஒரு பந்தியை இந்த ஆண்டில் ஒருமுறையாவது நாம் விரிக்கலாகாதா? முடிவு இன்னும் எட்டப்படவில்லை. நீங்கள் சிந்தித்து, கமிட்டியாரிடம் உங்கள் மனதைச் சொல்லும்படி வேண்டுகிறேன்.

இவ்வாரம் செய்யவேண்டியவை அதிகமில்லை. புதிதாகப் பிரிக்கிற உப்புப் பாக்கெட்டின்மேல் இன்றைய தேதியை எழுதிவையுங்கள். வயது வந்தோர் அனைவரும் அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தை அளந்துபாருங்கள். இரண்டு குழம்பு வைக்கிற வீடுகளில் ஒன்றை நிறுத்துங்கள். எதை நிறுத்தவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டில் குறை தோன்றினால், கையைக் கழுவும்வரை பேசாதிருங்கள்.

நான் முதலில் சொன்ன அந்த வீட்டிற்குச் சென்ற வாரம் மீண்டும் சென்றேன். தயக்கத்தோடுதான் பேச்சை எடுத்தேன். இம்முறை எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன். இன்னும் ஒரே குழம்பு ஆகிவிடவில்லை. மூத்த மகன் மட்டும் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தகப்பனார் அருகில் உட்கார்ந்து, சிறிய சட்டியிலிருந்து ஊற்றிக்கொண்டான். முதல் கவளத்தில் அவன் முகம் சற்றுச் சுருங்கியது. ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் உண்டான். அன்றைக்கு அந்தப் பெரியவர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜெபிப்போம். பரம தகப்பனே, எங்களுக்கு அன்றாட உணவைத் தருகிறவரே, உமக்கு ஸ்தோத்திரம். நீர் தங்கும்படி தந்த இந்தச் சரீரத்தை நாங்களே பாழாக்காதபடி எங்களுக்கு நிதானத்தைத் தாரும். எங்கள் வீட்டில் பலவீனமாயிருப்பவர் தனியே உண்ணாதபடி, அவரோடுகூட உட்கார்ந்து உண்ணும் அன்பை எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.